'வெளிக்கிடு' என்றவளுக்கு

நேற்று எங்கள் கிணற்றுக்குக் குளோரின் போட்டார்கள். வெள்ளம் வடிந்த பிறகும் தண்ணீரில் சேற்று மணம் போகவில்லை. சுகாதாரப் பகுதியிலிருந்து இரண்டு பேர் வந்து தூளைக் கரைத்து ஊற்றிவிட்டு, இன்றைக்குக் குடிக்கவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிப் போனார்கள். நான் பின்வாசலில் நின்றேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கிணறு மறந்துபோயிற்று. இறால் தொழிற்சாலையின் வாசல்தான் தெரிந்தது. றப்பர் சப்பாத்தைக் குளோரின் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் அங்கே உள்ளே போகவேண்டும். எனக்கு முன்னால் நீ, வெள்ளைத் தொப்பிக்குள் அடங்காத கூந்தலை ஒரு விரலால் உள்ளே தள்ளியபடி.

ஐஸ் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று இறால் உரித்தோம். கதைக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். நீ உதட்டை அசைக்காமல் கதைக்கப் பழகியிருந்தாய். உடப்பு ஊரில் பிறந்தவள், கட்டியவனோடு சரிவராமல் பிரிந்து வந்து மதுரங்குளியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருப்பவள் என்பதையெல்லாம் அப்படித்தான் அறிந்துகொண்டேன். துணிக்கடை, முன்பள்ளி, முந்திரிக் கஜு உடைக்கும் இடம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அங்கே வந்திருந்தாய். எனக்கு அது முதல் வேலை. சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து அம்மாவின் இடுப்பில் இந்தக் கடற்கரை ஊருக்கு வந்தவள் நான். அதற்குப் பிறகு இடம் மாறுவதென்றாலே எனக்குப் பயம்.

இறால் வளர்க்கும் குளங்களில் நோய் வந்தது. கொஞ்ச நாளில் தொழிற்சாலை மூடப்பட்டது. உனக்கு அது இன்னொரு கதவு சாத்தப்பட்ட மாதிரி, அவ்வளவுதான். எனக்கோ நிற்க இருந்த ஒரே இடம் போய்விட்டது. தையல் பழகு என்றார்கள். வெளிநாட்டுக்குப் போ என்றார்கள். அம்மா சாதகக் கட்டை எடுத்து வெளியில் வைத்தா. எல்லாவற்றுக்கும் யோசிக்கிறேன் என்றேன். உண்மையில் யோசிக்கவில்லை. காலையில் எழும்புவேன், முகம் கழுவுவேன், திரும்பப் போய்ப் படுப்பேன். ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போது நெஞ்சுக்குள் மட்டும் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும். உடம்பு கிடக்கும், உள்ளே ஒரு நிமிடம் இருக்க முடியாது. அந்த நிலைக்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஒரு காலை உன் ஸ்கூட்டரின் ஹோர்ன் கேட்டது. நீ படலையைத் திறக்காமல் வெளியிலேயே நின்றாய்.

"வெளிக்கிடு."

"எங்க?"

"தெரியாது. முதல்ல வெளிக்கிடு."

எனக்குக் கோபம் வந்தது. போகும் இடம் தெரியாமல் எதற்கு வெளிக்கிடுவது என்று கேட்டேன். இடம் தெரிந்தவர்களெல்லாம் வேலைக்குப் போய்விட்டார்கள், நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம் என்றாய். தலை சீவாமலே ஏறி உட்கார்ந்தேன்.

அப்படி எத்தனை நாள் சுற்றினோம். ஒரு தைக்கும் தொழிற்சாலையில் எங்கள் வயதைக் கேட்டுவிட்டு, கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். நுரைச்சோலையில் வெங்காயத் தோட்டமொன்றில் இரண்டு நாள் குனிந்து நின்றோம். மூன்றாம் நாள் உன்னால் நிமிர முடியவில்லை. அங்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பார்த்தபடி வீதியோரம் இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டபோது, "உனக்கு என்னதான் விருப்பம்?" என்று நான் கேட்டேன். நீ பாணைக் கடித்துக்கொண்டே சொன்னாய், "அது தெரிஞ்சா உன்னை ஏன் ஏத்திக்கொண்டு திரியிறன்?"

எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. மற்ற எல்லோரும் எனக்கு வழி சொன்னார்கள். உன் ஒருத்திக்குத்தான் வழி தெரியவில்லை என்று சொல்ல வாய் வந்தது.

கண்டக்குழியில் ஒரு விடுதி கிடைத்தது. பட்டத்தில் தொங்கிக்கொண்டு தண்ணீரில் வழுக்கி ஓடும் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் இடம். முதலாளி முஸ்லிம், அண்ணன் முறையில் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். சமைக்க ஓர் ஆள்தான் வேண்டும் என்றார். இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓர் ஆள் என்று நீ சொன்னாய். அவர் சிரித்துவிட்டு உன்னைக் குசினிக்கும் என்னை அறைகள் துப்புரவாக்கவும் எடுத்தார்.

கடல் உள்ளே வந்து நிற்கும் களப்பில் படகில் போகும் வேலையாட்கள் எல்லோருக்கும் நீந்தத் தெரியவேண்டும் என்று நானா ஒரு சட்டம் வைத்திருந்தார். விருந்தாளிகளுக்குச் சாப்பாடு கொண்டு நாங்களும் சிலநாள் படகில் போகவேண்டியிருந்ததால், எங்களுக்கு நீந்தப் பழக்கச் சிலாபத்திலிருந்து ஒரு சிங்கள அக்கா வந்தா. கடற்கரையிலேயே வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவர்கள் நாங்கள். பெண்பிள்ளைகளை யாரும் இறங்க விட்டதில்லை. நீ முதல் ஆளாகப் போய் விழுந்தாய். மூழ்கினாய், குடித்தாய், இருமினாய், திரும்ப விழுந்தாய். உங்கள் ஊர்க் கோயிலில் தீ மிதித்தவள் நீ. தண்ணீருக்குப் போய்த் திணறுகிறாயே என்று கேட்டேன். நெருப்பு காலோடு நிற்கும், இது மூக்குக்குள் வருகிறது என்றாய்.

நான் பழகிவிட்டேன். அது எப்படி நடந்தது என்று இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான். வீட்டில் கிடந்தபோது உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீரில் இறங்கியதும் கைக்கும் காலுக்கும் வந்துவிட்டது. வேலை முடிந்து தினமும் இறங்கினேன். அடுத்த வருடம் அந்த அக்கா வராதபோது, புதிதாக வந்தவர்களுக்கு நான் பழக்கினேன். உனக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை.

பிறகு நீ போனாய். ஒருநாள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது, சவூதி வேலைக்குப் பதிந்துவிட்டேன் என்றாய். நான் கத்தினேன். ஓர் இடத்தில் நிற்கத் தெரியாதா உனக்கு என்று கேட்டேன். நீ கத்தியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாய்.

"எனக்குரிய இடம் எது எண்டு தெரிஞ்சா நிண்டிருப்பன். உனக்குத் தெரிஞ்சிட்டுது. எனக்கு இன்னும் இல்லை."

திரும்பி வந்தபோது மார்பில் கட்டியோடு வந்தாய். சத்திரசிகிச்சை, மருந்து, கொட்டிப்போன கூந்தல். இடையில் கொஞ்சம் தேறியிருந்த ஒரு மாலை, களப்புக்குக் கூட்டிப் போகச் சொன்னாய். முக்காட்டைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இறங்கினாய். இடுப்பளவு தண்ணீரில் உன்னை மல்லாத்தி, முதுகுக்குக் கீழே என் உள்ளங்கையை வைத்தேன். இறால் கூடை தூக்கிய முதுகு, பாரமே இல்லாமல் இருந்தது.

"கையை எடுத்திராத" என்றாய்.

"எடுக்க மாட்டன்."

நீ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கண் இமைகளில் தண்ணீர். மூச்சு மெல்ல மெல்ல நீண்டது. நேரம் போய் நீயாகவே சொன்னாய், "இப்ப எடு."

எடுத்தேன். நீ மிதந்தாய். சில மூச்சுக்குத்தான். பிறகு சிரிப்பு வந்து மூழ்கிவிட்டாய். உன்னைத் தூக்கி நிறுத்தியபோது இருவரும் இருமிக்கொண்டிருந்தோம்.

மாரி மழை தொடங்க முன் நீ கண்ணை மூடிவிட்டாய்.

அதற்குப் பிறகு நானா காணியை விற்றார். விடுதி மூடியாகிவிட்டது. திரும்ப அதே வீடு, அதே ஓட்டுக்கூரை. பிரான்சிலிருக்கும் தம்பி வந்துவிடச் சொல்கிறான். அம்மா, மனைவியை இழந்த ஒருவரின் சம்பந்தத்தைப் பற்றிக் கதைக்கிறா. நான் யோசிக்கிறேன் என்கிறேன். படலைக்கு வெளியே யாரும் ஹோர்ன் அடிக்கவில்லை. ஒருநாள் அதைக் கேட்கக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே விளங்கியது. எழும்பினேன். பஸ் எடுத்துக் கண்டக்குழிக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

கரையில் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்த பெண்களோடு போய் இருந்தேன். ஒருத்தி என்னை உற்றுப் பார்த்தாள். அண்மையில் அவள் கணவனின் படகு கவிழ்ந்து, அவர் நீந்திக் கரைசேர்ந்தார் என்று பிறகு அறிந்தேன்.

"நீங்கதானே விடுதியில நீந்தப் பழக்கின ஆள்?"

"ஓம்."

"எங்களுக்கும் பழக்குவீங்களா? கடலாலதான் சாப்பிடுறம். இடுப்பளவு தண்ணியில விழுந்தா எழும்பத் தெரியாது."

இப்போது பின்னேரங்களில் அவர்கள் வருகிறார்கள், நீளச் சட்டையும் முக்காடுமாக. பதிலுக்கு மீன் தருகிறார்கள். அடுத்த மாரியில் களப்பு கலங்கினால் நின்றுவிடும். இது ஒரு வாழ்க்கை ஆகுமா என்று எனக்குத் தெரியவில்லை. தம்பிக்கு இப்போதைக்கு வரவில்லை என்றும், அம்மாவுக்கு அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் நெஞ்சுக்குள் ஓடுவது நிற்கவில்லை. முன்பு அதற்குப் பயந்தேன். இப்போது அதையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.

உன் பாரம் என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. மல்லாந்து படுக்கும் ஒவ்வொருத்தியும் முதலில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறாள். எப்போது கையை எடுக்கவேண்டும் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. அவளாகச் சொல்லட்டும் என்று தண்ணீரில் நிற்கிறேன்.