புத்தகத்தில் ஏறாத நெஞ்சுவலி

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஓமத்திரவ பாட்டிலைத் திறந்தார். அப்பா, எனக்குப் பொங்கி வந்தது கோபம். நம் வீடிருக்கும் அல்வாலிலிருந்து தொழிற்சாலை வாசல் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நெஞ்சு வலித்தபோதெல்லாம் நீங்கள் அதைத்தான் குடித்தீர்கள். கேட்டவர்களிடம் "வாயு" என்றீர்கள். கம்பெனி டிஸ்பென்சரிக்குப் போனால் மெடிக்கல் புத்தகத்தில் ஏறிவிடும். ஏறினால் லேத் மெஷினிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதனால் செகந்திராபாத்தில் நம்மைத் தெரியாத ஒரு டாக்டரிடம், பதினேழு வயதான என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார் அவர். நீங்கள் என்னை இரானி ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கித் தந்தீர்கள்.

"ஏட்டி, அம்மைகிட்ட மூச்சு விடக் கூடாது. அன்ஃபிட்டுன்னு எழுதிட்டான்னா ஸ்டோர்ல போல்ட்டு எண்ண விட்டுருவான். உங்கப்பன் போல்ட்டு எண்ணப் பொறந்தவனா?"

நான் சிரித்தேன். நமக்குள் ஒரு ரகசியம் என்று பெருமையாகக்கூட இருந்தது. அதிலிருந்து பதினோராம் நாள் லேத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தீர்கள்.

பணியில் இறந்தவரின் பிள்ளைக்கு வேலை தருவது கம்பெனி வழக்கம். மறு வருடம் எனக்குத் தந்தார்கள். எங்கே தெரியுமா? ஸ்டோரில். போல்ட்டு எண்ணுகிறேன். உங்களுக்கு அவமானமாகப் பட்ட அந்த வேலையைச் செய்துவிட்டு சாயங்காலம் உயிரோடு வீட்டுக்கு வரலாம் அப்பா. நான் தினமும் வருகிறேன்.

மூன்று வருடம் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்கள் என்ற நினைப்பு என்னை அரித்துத் தின்றது. தூக்கம் போயிற்று. தட்டு கீழே விழுந்தால்கூடக் கை நடுங்கியது. போன மாதம் அம்மாவிடம், டிஸ்பென்சரிக்குப் போகிறேன் என்றேன்.

"வேலை நிரந்தரமாகட்டும்ட்டி" என்றாள் அம்மா. "இப்பப் போய் எழுதிட்டான்னா, மண்டைக் கோளாறும்பான்."

அப்படியே உங்கள் பேச்சு. அப்போதுதான் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தாள்.

"பச்சைப்பிள்ளை தலையிலயா வச்சிட்டுப் போனாரு, பாவி மனுசன்!"

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினாள்.

டிஸ்பென்சரி கம்பவுண்டர் நம் ஊர்க்காரர்தான், ஆனால் இங்கேயே பிறந்து, ஹைதராபாத் உருது கலந்து பேசுபவர். "நிரந்தரம் ஆகப்போற நேரத்துல கைக்கும்மா, எதுக்கு இதெல்லாம்? புக்குல ஏத்த நக்கோ, வேணாம். சும்மா மாத்திரை வாங்கிட்டுப் போ" என்றார், நல்ல மனதோடுதான்.

"எழுதுங்கள்" என்றேன் டாக்டரம்மாவிடம். தூக்கமில்லை, நடுக்கம், மூன்று வருடமாக. எழுதினார். மனநல மருத்துவருக்கும் ஒரு கடிதம் தந்தார். வியாழக்கிழமைதோறும் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறேன். ஐந்து மணி நேரம் தூங்குகிறேன் இப்போது. பசிக்கிறது. நேற்று எனக்காக மட்டும் ஒரு புடவை எடுத்தேன்.

நிரந்தர உத்தரவு இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம்.

உங்கள் மேல் இருக்கும் பாசம் குறையவில்லை. கோபமும் குறையவில்லை. இரண்டையும் நானே வைத்துக்கொள்கிறேன். வாயை மூடிக்கொண்டிருந்த குற்றத்தை மட்டும் இனி நான் சுமக்கமாட்டேன். அது உங்களுடையது, அப்பா.