கனடா ஒயில்

பெப்ரவரி 3, திங்கள்

கனடாவில் இருக்கும் பழைய மாணவர் கிருபன் அண்ணா அனுப்பிய புல் வெட்டும் மெஷின் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. சந்தனம், குங்குமம், படம் எடுப்பு எல்லாம் நடந்தது. கூட வந்த ஒயில் போத்தலுக்கும் பொட்டு வைத்தார்கள். மைதானம் வெட்டுகிறவள் நான். படத்தில் என் கை மட்டும் விழுந்திருக்கிறது.

மெஷினோடு வந்த புத்தகத்தைப் படித்தேன். வெயில் இடத்துக்கு வெறும் 30 என்ற தடித்த ஒயில், குளிருக்கு மெல்லிய 5W-30 என்று படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். வந்திருப்பது 5W-30. பழைய மாணவர் சங்கச் செயலாளர் விஜிதரனிடம் சொன்னேன்.

"வெளிநாட்டுச் சாமானிலை பிழை பிடிக்கிறீரோ? அதைத்தான் மெஷினுக்கு விடோணும்."

விட்டேன்.

பெப்ரவரி 6, வியாழன்

நீலப் புகை. பாதி மைதானம் வெட்டுவதற்குள் ஒயில் அளவுக்கம்பியின் கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்விட்டது. 21ஆம் தேதி விளையாட்டுப் போட்டி. "சிவரூபிக்கு மெஷின் பிடிக்கத் தெரியேல்லை" என்று விஜிதரன் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். தெரியேல்லையாம். நாலு வருசமா வாடகை மெஷினோடை மாரடிச்சது ஆர்?

பெப்ரவரி 7

இன்றைக்கும் புகை. இன்றைக்கும் குற்றவாளி நான்தான்.

பெப்ரவரி 10, திங்கள்

புளியங்குளம் போய் 30 வாங்கினேன். புகை என்று நான் சொல்லி முடிக்க முதலே, "மெல்லிசு ஒயில் விட்டனீங்களோ?" என்று கேட்டார் கடைக்கார இராசேஸ்வரி அக்கா.

பழையதை வடிக்கப் போன நேரம் விஜிதரன் வந்து களஞ்சிய அறைப் பூட்டின் திறப்பைப் பறித்தார். "கனடா மெஷினுக்கு ஊர்க்கடை ஒயிலோ? கிருபனுக்கு நான் என்ன பதில் சொல்லுறது? அடுத்த கிழமை வேறை ஆளைப் போடுறன்." பள்ளிக்கூட அதிபர் யோகநாதன் சேர் தலையாட்டினார். அவருடைய பங்கு அவ்வளவுதான்.

வேலை போனால் போகட்டும் — ஆனால் தெரியாதவள் எண்டு சொல்லி அனுப்ப விடமாட்டன்.

கிருபன் அண்ணாவிடமே கேட்டால் என்ன? அன்பளிப்பு தந்தவரிடம் குறை சொல்லக்கூடாது என்று எல்லோரும் வாய் பொத்தி இருக்கிறார்கள். மெஷின் வந்த பெட்டியில் அவருடைய போன் இலக்கம் இருக்கிறது. போனில் குரல் பதிவு அனுப்பிவிட்டேன்.

பெப்ரவரி 12

பதில் வந்தது. அதிபரின் அறையில், விஜிதரன் இருக்கும்போதே போட்டுக் காட்டினேன். இரண்டு தரம்.

"தங்கச்சி, அது நான் இஞ்சை பனி தள்ளுற மெஷினுக்கு வாங்கின ஒயிலின்ரை மிச்சம். பெட்டியிலை இடம் இருந்துது, வைச்சுவிட்டனான். உங்கடை வெயிலுக்கு அது சரிவராது. 30 விடுங்கோ."

விஜிதரன் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிபர் மேசையில் கிடந்த திறப்பை என் பக்கம் தள்ளினார். மன்னிப்பு? அதற்கு இன்னொரு பெட்டி வர வேண்டும்போல.

பெப்ரவரி 21, வெள்ளி

போட்டி நடந்தது. மைதானம் ஒரே மட்டமாக இருந்தது. புகை இல்லை. விஜிதரன் ஒலிவாங்கியில், "ஒயில் விசயத்திலைகூட நாங்கள் கவனமா இருந்தனாங்கள்" என்றார். நாங்களாம்.

அந்தப் போத்தல் இப்போதும் அதிபரின் அலுமாரியில், வெற்றிக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில், பொட்டோடு நிற்கிறது. திறப்பைத் திருப்பித் தரும்படி யாரும் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.