கிணற்றுக்குள் மறுபடியும் எஞ்சினை இறக்கிவிட்டார்கள், சவரி

என் வயிற்றில் பிறந்த ராசா சவரிமுத்துக்கு,

கல்லறைத் திருநாள் வருகிறது. உன் சமாதிக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. உன் அண்ணன் ஆரோக்கியம்தான் சுண்ணாம்பு கரைத்து எடுத்துக்கொண்டு வந்தான். வெள்ளையடிக்கிற மட்டையை அவன் கையில் கொடுக்காமல் நானே அடித்தேன். ஏன் கொடுக்கவில்லை என்று உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

செத்துப்போனவர்களுக்கு எழுதுகிற கடிதாசிகளை நம் பங்குச் சாமியார் கோயில் இதழில் போடப்போகிறாராம். "நீங்களும் எழுதுங்கம்மா. ஆனா யாரையும் திட்டி எழுதாதீங்க" என்றார். அப்படியானால் வேறு ஆளைக் கேட்டிருக்கலாம். கன்னியர் மடத்தில் மூணாங்கிளாஸ் வரைக்கும் படித்த எழுத்து, கோணல்மாணலாகத்தான் வரும். நடந்ததை மட்டும் நேராகச் சொல்லிவிடுவேன்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் உன் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ பொறுத்துக்கொள். சேலத்தில் இன்ஜினியர் படித்து முடித்தாய். வேலைக்குப் போவாய் என்று பார்த்தால் பட்டாளத்தில் ஆபீசராகச் சேர்ந்துவிட்டு வந்து நின்றாய். பொம்மிடி ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்றிவிட்டு, ரயில் மறைகிற வரைக்கும் உன் அப்பா அங்கேயே நின்றார். பங்களாதேஷ் சண்டையில், கண்ணிவெடி புதைத்த வயலுக்குள் வயிற்றால் ஊர்ந்து போய், அடிபட்டுக் கிடந்த சிப்பாய்களை இழுத்து வந்தாயாம். டெல்லிக்குக் கூப்பிட்டு உன் சட்டையில் மெடல் குத்தினார்கள்.

"பயமா இல்லியாடா?" என்று கேட்டேன்.

"பயந்தேம்மா. பயந்துகிட்டேதான் போனேன்" என்றாய்.

அப்புறம் பட்டாளத்தை விட்டுவிட்டு எண்ணெய் எடுக்கிற கம்பெனிக்குப் போனாய். வடக்கே எங்கேயோ பூமிக்குள் குழாய் இறக்குகிற வேலை. கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது உன் சித்தப்பா சூசை கேட்டது நினைவிருக்கிறதா?

"ஏங்க அண்ணி, உங்க மவன் கிருஷ்ணாயிலு தோண்டறானாமே? ரேசன்ல இன்னொரு லிட்டரு சேத்து ஊத்தச் சொல்லுங்க."

"தோண்டறப்ப கிருஷ்ணாயிலா வராதுங்க சித்தப்பா. சேறாட்டம் கருப்பா வரும்."

"சேறுதான் நம்ம கெணத்துலயே கெடக்குதே. அதுக்கா இத்தினி தொலவு போன?"

எல்லாரும் சிரித்தோம். அன்றைக்கு நானும் சிரித்தேன். சூசையின் வாய்க்குச் சிரித்தது அதுதான் கடைசி.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் அந்தக் கெட்ட காற்றைப் பற்றிச் சொன்னாய். எண்ணெய்க் கிணற்றில் சில சமயம் விஷக்காற்று வருமாம். ஒருவன் விழுந்தால், முகமூடி மாட்டாமல் அடுத்தவன் அவனைத் தூக்கப் போகக் கூடாதாம். போனால் ரெண்டு பிணமாம். வேலைக்குச் சேர்ந்ததும் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான் என்றாய். களியைப் பிசைந்தபடி சாதாரணமாகச் சொன்னாய். நான் அதை மனசில் அப்படியே வைத்திருக்கிறேன்.

நம் கிணறு பங்குக் கிணறு. மூன்று நாள் நம் முறை, மூன்று நாள் சூசையின் முறை, ஞாயிற்றுக்கிழமை யாரும் இறைக்கக் கூடாது. மழை பொய்த்துத் தண்ணீர் கீழே போகப் போக, மேலே இருந்த டீசல் எஞ்சினால் இழுக்க முடியவில்லை. பாறையில் வெடி வைத்து ஒரு திட்டு வெட்டினார்கள். சங்கிலி போட்டு எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி அந்தத் திட்டில் உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கத்தில் பாதிக் கிணறு இப்படித்தான் இருக்கிறது.

போன வருஷம் கோடையில் லீவில் வந்த நீ கிணற்று மேட்டில் நின்று எட்டிப் பார்த்தாய். உன் முகம் மாறிப்போனது.

"உள்ள யாராச்சும் இறங்கறீங்களா?"

"எறங்காம? நின்னுபோனா ஹேண்டில் சுத்த உன் கம்பெனிலேர்ந்து ஆளு வருமா?" என்றான் சூசை. "லாந்தரு எறக்கிப் பாத்துட்டுத்தான் எறங்கறோம். எங்களுக்கும் தெரியுமுடா."

தூர் வார இறங்கும் முன் லாந்தரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது இங்கே வழக்கம். அணைந்தால் இறங்கக் கூடாது, எரிந்தால் இறங்கலாம். என் மாமனார் காலத்துக்கும் முன்னாலிருந்தே அப்படித்தான். எஞ்சினுக்கும் அதையே நம்பினார்கள்.

"சித்தப்பா, தூர் வார்றதுக்கு அது சரிங்க. எஞ்சின் பொகைக்கு ஆவாதுங்க. அந்தக் காத்துல வெளக்கு எரியும், மனுசன் வுழுந்துடுவான். வாசனையும் தெரியாது. மொதல்ல எஞ்சினை வெளிய எடுங்க. முடியலன்னா, அது நின்னப்பறம் ரொம்ப நேரம் யாரும் இறங்காதீங்க. வேப்பங்கொம்பக் கட்டி மேலயும் கீழயும் ஆட்டுங்க, தண்ணிய வீசி ஊத்துங்க."

"கொம்பு ஆட்டிகிட்டிருந்தா என் மொறை முடிஞ்சுபோவும். மெடலு வாங்குனவன் கெணத்துக்குப் பயப்படறான் பாருங்கடா!"

எல்லாரும் சிரித்தார்கள். ஆரோக்கியமும் சிரித்தான். அவன் வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டான், ஆனாலும் பார்த்துவிட்டேன்.

அடுத்த வாரமே நடந்தது. சூசையின் முறை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நின்றது. அவன் மகன் சின்னப்பன், சின்னதிலிருந்து அண்ணா அண்ணா என்று உன் பின்னாலேயே திரிந்தவன், லாந்தரை இறக்கினான். நன்றாக எரிந்தது. இறங்கினான். ஹேண்டிலில் கை வைக்கும் முன்னே திட்டில் சாய்ந்தான்.

அவன் அம்மா லூர்து போட்ட கூச்சலில் நீ சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினாய், நானும் பின்னாலேயே ஓடிவந்தேன். "கொம்பு வெட்டுங்கடா, தண்ணி ஊத்துங்கடா" என்று கத்தினாய். லூர்து உன் காலைக் கட்டிக்கொண்டாள். "உனக்குத் தெரியாததாடா சவரி, எம்புள்ளய எடுத்துக் குடுடா." நீ ஒரு தரம் கிணற்றைப் பார்த்தாய். ஒரு தரம் என்னைப் பார்த்தாய். கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாய்.

என்னை எதற்குப் பார்த்தாய், கண்ணு? போகட்டுமா என்று கேட்டாயா? வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேனா என்று பார்த்தாயா? நான் வாயைத் திறக்கும் முன்னே நீ இறங்கிவிட்டாயே.

கயிற்றைச் சின்னப்பனின் அக்குளில் போட்டு முடிந்து, "இழுங்க" என்றாய். உன் குரல் கடைசியாகக் கேட்டது அதுதான். இழுத்தார்கள். அவனை மேட்டில் போட்டதும், இழுத்த ஆள் அத்தனை பேரும் அவனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி விசிறினாள், ஒருவன் முகத்தில் தண்ணீர் தெளித்தான், லூர்து மாரில் அடித்துக்கொண்டாள். அவன் உடம்பிலிருந்து கயிற்றை அவிழ்க்க ஒரு கை இல்லை. என் பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்து அவிழ்த்தவள் நான். கயிற்றை உள்ளே விட்டவளும் நான். சவரி, சவரி, பிடிச்சுக்கடா என்று கூப்பிட்டேன். நீ எஞ்சினில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். கயிறு உன் தோளில் பட்டது. நீ கையைத் தூக்கவில்லை.

உன்னை மேலே எடுத்தபோதும் அந்த லாந்தர் எரிந்துகொண்டுதான் இருந்தது.

தர்மபுரி ஆஸ்பத்திரி டாக்டர் எல்லார் முன்னாலும்தான் சொன்னார். சும்மா கிடந்தவன் கொஞ்சமாக மூச்சு விட்டான், தூக்கிக் கட்டினவர் வேகமாக மூச்சு இழுத்திருப்பார், அதனால் அந்தக் காற்று அவருக்குள் அதிகம் போனது என்றார். இப்போது ஊரில் என்ன பேச்சு தெரியுமா? சவரிக்குப் பட்டாளத்திலேயே நெஞ்சு கெட்டுப்போயிருந்ததாம். அதனால்தான் போய்விட்டாயாம். சின்னப்பன் பிழைத்ததே கிணற்றில் ஒன்றும் இல்லை என்பதற்கு அத்தாட்சியாம். நீ சொன்னது பொய்யாகிவிட்டது, சாமி. உன் உயிரைக் கொடுத்தும் அது பொய்யாகிவிட்டது.

உன் பெண்சாதி ஸ்டெல்லா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இந்தக் கிணற்றைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பாள்? மெடலை என்னிடம் விட்டுவிட்டு உன் பழைய சட்டையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் கெட்டிக்காரி. மெடலில் உன் வாசனை இல்லை.

நீ போனதும் எஞ்சினை மேலே தூக்கினார்கள். இனி உள்ளே இறக்க மாட்டோம் என்று சூசை கோயில் படியில் நின்று சொன்னான். கரண்டு மோட்டாருக்கு எழுதிப் போட்டார்கள். லைன் வரும் என்கிறார்கள், வரவில்லை. இந்த வருஷமும் மழை இல்லை. பட்டுப்பூச்சிக்கு வைத்த மல்பெரிச் செடி கருகுகிறது. மூங்கில் தட்டில் பட்டுப்புழு இலைக்குத் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் கிணற்று மேட்டில் கூடினார்கள். நானும் போனேன்.

"அண்ணி, எஞ்சின மறுபடி எறக்கறதத் தவிர வேற வழியில்லீங்க. லாந்தரு எறக்கிப் பாத்துட்டுத்தான் எறங்குவோம்."

"எம்மவன எடுத்தப்ப அந்த லாந்தரு அணைஞ்சிருந்துச்சாடா?"

 பதில் சொன்னது ஆரோக்கியம். "சும்மா இரும்மா. செத்தவன் சொன்னதையே சொல்லிகிட்டிருந்தா இருக்கறவங்க என்னத்தத் திங்கறது? தம்பி வடக்க சம்பளம் வாங்குனான். நான் இந்தக் கெணத்த நம்பித்தான் பொண்டாட்டி புள்ளைங்கள வெச்சிருக்கேன்."

இவனும் என் வயிற்றில் பிறந்தவன்தான். அவன் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. ஆனாலும் உன் சமாதிக்கு அவன் கையால் வெள்ளையடிக்க நான் விட மாட்டேன். இப்போது தெரிந்துகொண்டாயா?

அப்போது சின்னப்பன் என் முன்னால் வந்து நின்றான். ஆள் பாதியாகிவிட்டான். "பெரியம்மா, உங்க மொறையிலயும் எங்க மொறையிலயும் நானே எறங்கறேன். ஆரோக்கியண்ணன எறங்க வுடமாட்டேன். சவரிண்ணன் என்னைய அன்னிக்கே வுட்டுட்டு மேல வந்திருக்கணும். ஒரு வார்த்தை பேசுங்க பெரியம்மா."

உன்னைப் புதைத்த நாளிலிருந்து நான் அவனிடம் பேசவில்லை. அவன் மேல் தப்பு இல்லை என்று சாமியார் சொல்கிறார். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? அவன் நடக்கிறபோதெல்லாம் உன் மூச்சு நடக்கிற மாதிரி இருக்கிறது. வாயைத் திறந்தால் என்ன வருமென்று எனக்கே தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை எஞ்சினை இறக்கிவிட்டார்கள். அதே திட்டு. சங்கிலியைப் பிடித்தவர்களில் ஆரோக்கியம் முதல் ஆள். நான் குறுக்கே படுத்தேன். ஆரோக்கியத்தின் பெண்சாதியும் லூர்துவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, நோகாமல்தான், தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டார்கள். ஒரு கிழவியால் எத்தனை பேரை மறிக்க முடியும்?

நீ படித்தாய், சண்டை போட்டாய், பூமியைத் துளைத்து எண்ணெய் எடுத்தாய். அத்தனையும் படித்தவன் சொன்னதை இந்தக் கிணற்று மேடு இரண்டு வருஷம்கூட ஞாபகம் வைத்திருக்கவில்லை. முதல் பாடத்தை நீ ஏன் மறந்தாய் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். நீ மறக்கவில்லை என்றும் எனக்குத் தெரியும்.

மழை வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. கரண்டு வரும் என்றும் இல்லை. யாரையும் மன்னிக்கிற உத்தேசமும் இல்லை, சாமியாரிடமே சொல்லிவிட்டேன். உனக்கு ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். இரண்டு வீட்டு முறைக்கும் நான் கிணற்று மேட்டில் போய் உட்காருவேன். தூக்கிக்கொண்டு போய் விட்டால் திரும்பி வருவேன். எஞ்சின் நின்று சின்னப்பன் படியில் காலை வைத்தால், அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். நான் பேச மாட்டேனா என்று ஏங்கிக் கிடக்கிறவன், என் குரல் கேட்டால் திரும்பி மேலே வந்துவிடுவான். வந்து நின்றதும் வாயை மூடிக்கொள்வேன்.

இப்படிக்கு,
இறங்கும் முன் நீ திரும்பிப் பார்த்த உன் அம்மா