மூலத்தில் இல்லாதது

செவ்வாய், வடதுருவ ஆய்வு நிலையம்

நாள் 212, 08:10
நகலெடுப்பு முடிந்தது. பிழை இல்லை. பனிக்கடியில் நல்ல தண்ணீர் எங்கே கிடக்கிறது என்று ஏழு மாதமாக ரேடாரில் தேடி எடுத்த வரைபடங்கள் இங்கே ஒரு கணினி வட்டிலும், தெற்கே முகாமில் இன்னொரு வட்டிலும் இருக்கின்றன. வேறெங்கும் இல்லை. முகாமின் கணினி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலை ஓட்டி, என் வட்டைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அந்தக் கட்டளையில் டெலிட்டை, அதாவது அழிக்கும் உத்தரவையும், சேர்த்து எழுதியவள் நான்தான். மூலத்தில் இல்லாத எதுவும் நகலிலும் இருக்கக் கூடாது. குப்பை சேராது பாருங்கள்.

எழுதுபவள் ரெஜினா சூசை, பனிப் பொறியாளர். இங்கே நான் மட்டும். அலுப்பாக இருக்கிறது.

நாள் 213, 09:30
புழுதிப் புயல். மின்கலம் பாதிக்குக் கீழே. வட்டு கரகரக்கிறது. முகாமிலிருந்து மெஹராஜ்:

"அக்கா, எங்க கிணறு அடிமட்டத்துக்கு வந்துடுச்சு. பிள்ளைங்களுக்கே அரை டம்ளர்தான் ஊத்துறோம். புயல் ஓஞ்சதும் உங்க படத்த வெச்சுத்தான் தோண்டணும். உங்களக் கூட்டிட்டு வர வண்டி கிளம்பிடுச்சு. இந்தப் புழுதியில உங்க சிக்னலப் புடிச்சுத்தான் வர முடியும். ஆன்டெனாவ மட்டும் அணைச்சிடாதீங்க."

என்னமோ எனக்கு அணைப்பதுதான் வேலை மாதிரி.

12:40
வட்டு செத்துவிட்டது. கோப்புறை காலி. கணினி ஓடுகிறது, ஆனால் எந்தக் கட்டளைக்கும் பதில் இல்லை. போனால் போகட்டும், நகல் இருக்கிறதே என்று டீ போட்டேன்.

பாதி டீயில்தான் உறைத்தது. இரண்டு மணிக்கு முகாமின் கணினி வந்து பார்க்கும். இங்கே ஒன்றுமில்லை என்று என் கணினி காட்டும். அதுவும் சமர்த்தாகத் தன்னிடம் இருப்பதையெல்லாம் அழித்துவிடும்.

13:05
நிறுத்தச் சொல்லி மெஹராஜைக் கூப்பிட்டேன்.

"இயந்திர அறை வெளியில இருக்குக்கா. எல்லாரும் பதுங்கு அறையில அடைஞ்சு கிடக்கோம். இப்பக் கதவத் தொறந்தா காத்து போயிடும். புயல் விட்டாத்தான் முடியும்."

என் கணினியை அணைக்க முடியாது. நான் மூச்சு விடுவதே அதன் தயவில். மிச்சம் ஆன்டெனா. அதை அணைத்தால் முகாமின் கணினியால் என் வட்டைப் பார்க்க முடியாது. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. இணைப்பு எப்போது திரும்பினாலும் விட்ட வேலையை அந்த நொடியே செய்யும்படி எழுதி வைத்திருக்கிறேன். பெரிய கெட்டிக்காரி.

13:50
ஆன்டெனாவை அணைக்கப் போகிறேன் என்று மெஹராஜிடம் சொன்னேன். "வேணாங்க்கா" என்றான். வேறு வழி சொல் என்றேன். பின்னால் ஏதோ ஒரு குழந்தை அழுதது.

பயமாக இருக்கிறது. அணைத்துவிட்டேன்.

நாள் 214, 06:20
சூடேற்றி நின்றுவிட்டது. கைக்கணினியில் எழுதுகிறேன். விரல் மடங்கவில்லை. புயல் இன்னும் விடவில்லை.

06:55
வண்டி விளக்கு. ஜன்னலுக்கு நேரே, கிட்டத்தில். டார்ச்சை ஆட்டினேன். புழுதிதான் மின்னுகிறது. கத்தியும் பார்த்தேன், யாருக்குக் கேட்கப் போகிறது.

ஆன்டெனா சுவிட்ச் பக்கத்தில்தான். ஒரு நிமிடம் போட்டால் போதும், பார்த்துவிடுவார்கள். முகாமில் இன்னும் யாரும் அந்த இயந்திர அறைக்குப் போய் அழிப்பை நிறுத்தியிருக்க மாட்டார்கள்

கை அதன் மேல்தான் இருக்கிறது

விளக்கு மேற்கே திரும்புகிறது

போடவில்லை