அறுத்துவிட்ட கயிறு

மார்ச் 4
அன்புள்ள அக்காவுக்கு,
நான் நலம்தான், இன்ஜின் இரைச்சலில் காது மட்டும் மந்தமாகிவிட்டது. செய்தி பார்த்திருப்பாய். புயலில் சிக்கிய மீன்பிடிப் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். நடுக்கடலில் எங்கள் ரோந்துக் கப்பலின் இன்ஜின் நின்றுவிட்டது. என்னைவிட வயதில் மூத்த இன்ஜின், அக்கா. படகு எங்கள் மேல் மோத வந்ததால் கயிற்றை அறுக்கச் சொன்னார் கேப்டன். அறுத்தவன் நான். படகிலிருந்த மூவரில் இருவரைத்தான் மீட்க முடிந்தது.
கடலோரக் காவல் படையின் பழைய கப்பல்களை மாற்ற நிதி ஒதுக்கும் மசோதா உங்கள் மக்களவைக்கு வருகிறதாமே. ஆதரித்து ஓட்டுப் போடு.
உன் தம்பி

மார்ச் 11
என் செல்லத் தம்பிக்கு,
உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நீயாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? ஆனால் மசோதா ஆளுங்கட்சியுடையது. எதிர்த்துத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று எங்கள் கட்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. மீறினால், "தம்பிக்காகக் கட்சிய வித்துட்டா" என்பார்கள். என் நிலைமையைப் புரிந்துகொள்.
அக்கா

மார்ச் 15
அக்காவுக்கு,
எனக்காக ஒன்றும் செய்ய வேண்டாம். இறந்தவனின் அம்மா உன் தொகுதியில்தான் இருக்கிறார், மீன் சந்தைக்குப் பின்னால். உன் நிலைமையை அவரிடம் போய்ச் சொல்.
தம்பி

ஏப்ரல் 5
அன்புத் தம்பிக்கு,
போனேன். கட்சிப் பேச்சை நான் எடுக்கவே இல்லை. அந்த அம்மா ஒன்றுதான் கேட்டார்: "கயிறு அறுந்துச்சா, அறுத்துவிட்டாங்களா?"
பொய் சொல்லியிருக்கலாம். "அறுத்துவிட்டாங்கம்மா. அறுத்தது என் தம்பி" என்றேன். அவர், "அந்தப் புள்ளைய வரச் சொல்லுங்க" என்றார்.
நேற்று மசோதாவை ஆதரித்து ஓட்டுப் போட்டேன். நிறைவேறிவிட்டது. கட்சி என்னை நீக்கிவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போகட்டும். நீ அவரைப் போய்ப் பார்.
அக்கா

ஏப்ரல் 20
என் அன்பு அக்காவுக்கு,
போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்த அம்மாதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.
"புதுக் கப்பல் எப்போ வரும்?"
"ரெண்டு வருஷம் ஆகும்மா."
"அதுவரைக்கும்?"
"பழசுலதாம்மா போகணும்."
கிளம்பும்போது தன் எண்ணை என் கைபேசியில் பதியச் சொன்னார். "ஒவ்வொரு தடவையும் கரை ஏறுனதும் ஒரு வார்த்தை சொல்லிடுப்பா. இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது."
இன்று காலை கரை ஏறினேன். முதலில் அவரிடம் பேசிவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.
உன் தம்பி