மஞ்சள் கோடு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தொடங்க நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை.

நாம் வீட்டு ஷெட்டில் கட்டிய பந்தயக் காரை, நசுங்கிய முகப்பைத் தட்டி நேராக்கி, இன்று தனியாகக் களத்துக்குக் கொண்டுபோனேன். முன்பெல்லாம் நட்டுகளை நீ இறுக்குவாய். நான் மறுபடி ஸ்பானர் வைத்துப் பார்த்து, இறுக்கம் சரி என்பதற்கு அடையாளமாக மஞ்சள் கோடு போடுவேன். இப்போது இரண்டும் நானே.

எனக்கு முன்னால் ஒரே கார் நின்றபோது ஸ்டியரிங் நட்டின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றி இறங்கினேன்.

"அதான் கோடு இருக்கேம்மா, அப்புறம் என்ன?" என்றார் கொடிக்காரர். "இப்ப ஏறலன்னா உன் முறை போயிடும்."

"போனா போகட்டும்ணே."

நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. என் முறை போய்விட்டது.

ஸ்டியரிங் நட்டை நீ இறுக்க மறந்ததால்தான் சுவரில் மோதிக் காலை உடைத்துக்கொண்டாய் என்று இரண்டு வருடமாக உன்னையே திட்டிக்கொள்கிறாய். நானும் "விடுடா, யாருக்குத்தான் மறக்காது" என்று பெரிய மனுஷி மாதிரி தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

அன்று அந்த நட்டிலும் மஞ்சள் கோடு இருந்தது, தம்பி. நேரமாகிவிட்டதென்று, ஸ்பானர் வைக்காமலே நான் போட்ட கோடு.

அக்கா