பருந்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன்

மச்சான்,

இன்றைக்குக் காலையில் உன் தங்கச்சி உலைக்கு அரிசி எடுக்கப் போனாள். டிரம்முக்குள் படி எதிலோ இடிக்கவும் கையை விட்டுத் துழாவி உன் பைனாகுலரை வெளியே எடுத்துவிட்டாள். "இன்னாய்யா, எல்லாத்தையும் எடுத்துட்டு இத மட்டும் ஏன் உள்ளயே வெச்சிக்கினு கீறே?" என்று கேட்டாள். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். கழுத்தில் மாட்டுகிற வார் முழுக்கத் தவிடு. ஊதிவிட்டு மூக்கருகே கொண்டுபோனேன். புழுங்கல் அரிசி வாசனைக்கு அடியில் உன் தலை எண்ணெய் வாசனை இன்னும் இருக்கிறது, மச்சான். அடுப்பில் உலை கொதிக்க, நான் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

பருந்து சீசன் முடிந்ததும் பைனாகுலர்களை அரிசிக்குள் புதைத்து வைக்கிற யோசனை உன்னுடையதுதான். லென்சில் பூஞ்சை பிடிக்காதாம். புதுச்சேரியிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் அதைக் கண்ணில் வைத்து எடுத்தால் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். "அது ஒண்ணும் இல்ல சார், மேக்கப்பு. பருந்துக்கு உங்கள அடையாளம் தெரியக் கூடாதில்ல," என்பாய். முகத்தில் ஒரு துளி சிரிப்பு இருக்காது. அவர்கள்தான் சிரிப்பார்கள்.

உன்னைப் போய் இந்தப் பருந்து காட்டுகிற வேலைக்கு யார் சேர்த்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வேடிக்கையாக இருக்கிறது. ஊரில் கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுகிற திருவிழா எதுவானாலும் மைக் செட் உன்னுடையது. நீ "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றால் மரக்காணம் ரோட்டில் போகிற பஸ்ஸே நின்று திரும்பிப் பார்க்கும். உன் தங்கச்சியை நான் கட்டுவதற்கு எத்தனையோ வருசத்துக்கு முன்பு, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்து என் காது போனது. அப்படிப்பட்டவன், இருமினால்கூட எல்லோரும் முறைக்கிற ஒரு இடத்தை இத்தனை வருசம் நடத்தினாய்.

எல்லாம் உன் கொல்லையில்தானே ஆரம்பித்தது. மல்லாட்டைக் கடலை போட்டால் பன்றி தோண்டுகிறது, கேப்பை போட்டால் மழை ஏமாற்றுகிறது என்று வெறுத்துப்போய், கழுவேலி ஏரிப் பக்கம் இருந்த அந்த மேட்டு நிலத்தைக் கரம்பாகவே போட்டுவிட்டாய். புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்தது. ஒரு ஐப்பசியில் பூனைப்பருந்துகள் அதைக் கண்டுபிடித்தன. மற்ற பருந்தெல்லாம் மரத்தில் தங்கும். இது தரையில், புல்லுக்குள் படுக்கிற ஜாதி. பகலெல்லாம் வயல் வயலாகத் தாழப் பறந்து வெட்டுக்கிளியும் எலியும் பிடித்துவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் நாலா திக்கிலிருந்தும் வந்து உன் கரம்புக்கு மேலே வட்டமடித்து ஒவ்வொன்றாக இறங்கும். அவை கஜகஸ்தான் பக்கமிருந்து வருகின்றன என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து உன்னைப் பிடிக்க முடியவில்லை. "மாப்ளே, நான் திண்டிவனம் தாண்டி மெட்ராசு போறதுக்கே ரெண்டு நாளு யோசிக்கிறேன். அவன் பாரு, கையில ஒரு பை கூட இல்லாம வந்துக்கினு கீறான்!"

பிறகு பரண் கட்டினோம். தகரக் கொட்டாய் போட்டோம். சேர் வாங்கினோம். ஐப்பசியிலிருந்து பங்குனி வரைக்கும் சனி, ஞாயிறு சாயங்காலம் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். புல்லுக்குள் மட்டும் யாரும் கால் வைக்கக் கூடாது, ஆடு விடக் கூடாது. தை பிறந்து புல் காய ஆரம்பித்தால், எவனாவது பீடியைப் போட்டு நெருப்பு பரவிவிடாமல் சுற்றிலும் ஏர் ஓட்டி ஒரு பட்டை மண்ணை வெறுமையாக்கி வைக்க வேண்டும். வேகவைத்த மல்லாட்டை இருட்டிய பிறகுதான் கொடுப்போம். அத்தனை பேர் தோல் உடைக்கிற சத்தத்துக்குப் பருந்துகள் எழுந்துவிட்டதைப் பார்த்து நீ போட்ட சட்டம் அது. ஒரு பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு நீயே கட்டின குழாய் ஸ்பீக்கரை, சாயங்காலம் ஆனதும் கரம்புப் பக்கம் சத்தம் போகாதபடி நீயே கம்பத்தில் ஏறித் திருப்பி வைத்தாய். "யோவ், ஊருக்குக் கட்டுன மைக்கா, முந்திரித் தோப்புக்குக் கட்டுன மைக்கா?" என்று கீழே நின்று கத்தினார்கள். நீ கம்பத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, இறங்கினால் அடி விழும் என்று இறங்கவே இல்லை.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது சீசன் தொடங்குகிற நாள். முதல் பருந்தை நீதான் பார்க்க வேண்டும், அது உன் உரிமை. ஐப்பசி பிறந்தால் விடியற்காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாகச் சுற்றுவாய். பார்த்துவிட்டால் நேராக என் வீட்டு வாசலுக்கு வந்து ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டாய். "எழுந்திரி மாப்ளே! வந்துட்டான்! வந்துட்டான்!" அதற்குப் பிறகுதான் ரோட்டோரம் பலகையை மாட்டுவோம். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவருக்காகப் போன் பண்ணுவாய். ஏதோ வீட்டில் குழந்தை பிறந்த மாதிரி சொல்லுவாய்.

நீ போனது சித்திரையில். ஊரில் ஒரு பூனைப்பருந்துகூட இல்லாத மாதம். கல்யாண வீட்டில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தவன் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "பேஜாரு பண்ணிட்டியேடா, மச்சான்" என்று உன் காலைப் பிடித்துக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் நர்சு ஓடி வந்தாள். அன்றைக்கு மட்டும் என் தொண்டை உன் தொண்டையாக இருந்தது.

இந்த வருசம் முதல் பருந்தை நான் பார்த்தேன். கன்றுக்குட்டிக்குப் புல் அறுக்கப் போயிருந்தேன். கேப்பைக் கொல்லைக்கு மேலே, சாம்பல் நிறத்தில் ஒரு ஆண், இறக்கையைச் சற்று மேலே தூக்கி வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "நீ மட்டும் எப்படிடா திரும்பி வந்தே?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அறுத்த புல்லைக் கட்டிக்கொண்டு, மேலே பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன். உன் தங்கச்சியிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, பருந்து பார்க்க வருகிற நர்ஸ் அம்மாவிடமிருந்து போன் வந்தது. புதுச்சேரியில் ரிட்டையர் ஆகி, வருசா வருசம் முதல் ஞாயிறே பஸ் பிடித்து வருவார்களே, அவர்கள்தான். "அண்ணே, வந்துடுச்சா?" என்றார்கள். "இன்னும் வரலீங்கம்மா. இந்த வருசம் வராது போல கீது" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் யார் கேட்டாலும் அதே பதில்தான். நாளாக நாளாக அது சுலபமாகவும் வந்தது.

ஏன் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். பலகையை மாட்டிவிட்டால், அது நீ இல்லாத முதல் சீசன் ஆகிவிடும். மாட்டாத வரைக்கும் கடைசியாக நடந்த சீசன் நீ நடத்தினது. அதை முடித்துவைக்க எனக்கு மனசு வரவில்லை. கொட்டாயைத் திறந்தால் உன் சேர் இருக்கும். உன் துண்டு ஆணியில் தொங்கும். அதைத் தொடாமல் வைத்திருந்தால் போதும் என்று இருந்தது. பருந்துகள் பாட்டுக்கு வந்து தூங்கிவிட்டுப் போகட்டும், யார் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன என்று நினைத்தேன்.

அந்தப் பொய் எங்கே போய் நின்றது தெரியுமா? ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருக்கிற உன் மகன் பிரபுவிடம்.

"மாமா, பறவயே வரலயாமே? நர்ஸ் ஆன்ட்டி போன் பண்ணாங்க," என்றான்.

நான் "ம்" என்றேன்.

"அப்பாவுக்காகத்தான் மாமா அந்தக் கொல்லயத் தொடாம வெச்சிருந்தேன். அப்பாவும் இல்ல, அதுங்களும் வரல. வெறும் புல்ல வெச்சிக்கினு இன்னா பண்றது? திண்டிவனத்துல ஒருத்தரு பிளாட்டு போடக் கேட்டுக்கினே கீறாரு. சரின்னுட்டேன். திங்கக்கெழம ஜேசிபி விட்டு கிளீன் பண்றாங்களாம். நீங்க கொஞ்சம் கூட நின்னு பாத்துக்கோங்க."

அவன்மேல் தப்பு இல்லை, மச்சான். அழுகையை அடக்கிக்கொண்டுதான் பேசினான். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் உன் தங்கச்சி நிலைப்படியில் நின்றுகொண்டிருக்கிறாள்.

"வராத பருந்துதான் நேத்து நம்ம மாட்டுக்கொட்டாய் மேல பறந்துச்சா?"

நான் போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"நானும் பாத்துட்டுத்தான்யா வாயத் தொறக்காம கெடந்தேன். உனக்கு மச்சான்னா எனக்கு அண்ணன். அவன் போயிட்டான்னு அதுங்களயும் இல்லாம ஆக்கப் போறியா? அதுங்க இன்னா பண்ணுச்சி உன்ன? ஜல்தி போனப் போடு."

போட்டேன். "பிரபு, நான் பொய் சொல்லிட்டேன்டா. எல்லாம் வந்துடுச்சி. உங்க அப்பன் கொல்லயிலதான் படுத்துக்கினு கீது" என்றேன். "ஏன் மாமா?" என்று மெதுவாகக் கேட்டான். "உங்க அப்பன் இல்லாம எப்பிடிடா பலக மாட்டறது?" என்றேன். அதற்கு மேல் அவனும் அழுதான், நானும் அழுதேன். உன் தங்கச்சி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "ஞாயித்துக்கெழம வாடா, அத்தை கொழம்பு வெக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வந்தான். சின்ன வயசிலிருந்தே இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், "அப்பாவுக்கு வேற வேல இல்ல" என்று திரிந்தவன், முதல் தடவையாகப் பரண்மேல் ஏறினான். நாங்கள் இரண்டு பேர்தான். கிழக்கே இருந்து ஏரிக் காற்று சிலுசிலுவென்று அடித்தது. முந்திரித் தோப்புக்கு மேலே முதலில் ஒன்று வந்தது. அவன் என் கையைப் பிடித்தான். பிறகு நான்கு பக்கமிருந்தும் வந்தன. தலைக்கு மேலே, கண்ணுக்கு நேராக, புல்லை உரசிக்கொண்டு. ஒன்று இறங்கப் போய், மனசு மாறி மறுபடி எழும்பி, வேறொரு இடம் பார்த்து உட்கார்ந்தது. கடைசி வெளிச்சம் போகிற வரைக்கும் பிரபு என் கையை விடவில்லை.

நன்றாக இருட்டிய பிறகு கேட்டான். "மாமா, அப்பா இங்க நின்னுக்கினு இன்னா சொல்வாரு?"

நானும் யோசித்துப் பார்த்தேன். எவ்வளவு யோசித்தும் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. "ஒண்ணும் சொல்ல மாட்டான்டா" என்றேன். அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

அவன் அங்கேயே நின்று திண்டிவனத்துக்காரருக்குப் போன் போட்டான். "சார், திங்கக்கெழம வண்டி அனுப்பாதீங்க. கொல்லயில ஆளுங்க தங்கிக்கினு கீறாங்க." பிறகு என்னிடம், "இந்த வருசம் இருக்கட்டும் மாமா. அடுத்த வருசத்த அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றான். அதற்குமேல் அவனிடம் நான் கேட்கவில்லை. அடுத்த வருசம் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. மறுநாள் பலகையை மாட்டினேன். எல்லோருக்கும் போன் பண்ணினேன். நர்ஸ் அம்மா திட்டித் தீர்த்துவிட்டு, அந்த வாரமே வந்து சேர்ந்தார்கள்.

இப்போது சீசன் நடந்துகொண்டிருக்கிறது, மச்சான். நடத்தத் தெரிகிறது. ஆனால் பகல் பூராவும் நீ இல்லாதது காதில் கேட்கிறது. வாசலில் ஹாரன் இல்லை, "மாப்ளே" இல்லை, சேரைத் தள்ளிப் போட்டதற்குக்கூடத் திட்டு இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அது கேட்பதில்லை. பருந்துகள் இறங்குகிற அந்த வேளையில் நீ எந்த வருசமும் பேசினதே இல்லையே. எனக்கு இடது பக்கம் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பாய். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. நானும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

கடைசிப் பருந்து புல்லுக்குள் இறங்கி இருட்டினதும், வந்தவர்களெல்லாம் சளசளவென்று பேச ஆரம்பிப்பார்கள். "அண்ணே, டீ?" என்று யாராவது கேட்பார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று கையை மட்டும் காட்டிவிட்டு அப்படியே நிற்பேன். வாயைத் திறந்தால் நீ போய்விடுவாய், மச்சான்.